எங்கள் வீட்டுக்குக் காத்தோட்டிக்காய் வந்த கிழமை

1

வேலையால் வந்து, தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டில், தயிர் வாளிக்குப் பின்னால், ஒரு பை காத்தோட்டிக்காய் இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசைக்கென்றே சமைக்கிற ஒரு கசப்புக் காய் அது. தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம் இருந்து, தகப்பனுக்குச் சோறு படைத்து, அந்தக் காயையும் சமைத்துச் சாப்பிடுவார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அந்த விரதம் கிடையாது. பிடிக்கவும் கூடாது. என் அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது, இன்னும் ஊரில் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருகிறார். ஆகவே இந்தக் காய் எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதே இல்லை. ஆடி மாதத்தில் இங்கே மொன்றியலில், கொத்-தெ-நேஜ் தமிழ்க் கடைகளில் இதைக் கண்டால் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வெண்டிக்காய்ப் பக்கம் போய்விடுவேன்.

முதலில் கடைக்காரரில்தான் கோபம் வந்தது. வேறு யாருடைய பையையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மகளில் வந்தது. என் மகள் நிலானிக்குப் பதினெட்டு வயது. பாகற்காய்க்கும் புடலங்காய்க்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை. பார்க்க வடிவாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்திருப்பாள் என்று தேற்றிக்கொண்டு, அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் கோடை விடுமுறைக்கு இல்-பிசாரில் ஒரு பகல் முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறாள்.

"பிள்ளை, பிரிட்ஜுக்குள்ள என்ன கோதாரியை வாங்கி வைச்சிருக்கிறாய்? உது என்ன காய் எண்டு தெரியுமோ உனக்கு?"

பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் கீச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும் அம்மா. காத்தோட்டிக்காய்."

எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

"பொறுங்கோ, வந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாள். ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை. விடிய ஐந்துக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மொன்றியல் நடுநகரில் ஒரு சதுக்கத்தின் ஓரத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களில் நானும் ஒருத்தி. ஒருத்தி என்று அடக்கமாகச் சொன்னாலும் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள்.

என் கணவர் தயாபரன் தபால்கந்தோரில் கிளார்க்கராக இருந்தவர். யுத்தம் முடிந்த கிழமை, இராணுவம் பதியச் சொன்ன இடத்தில் பதிந்து, ஏறச் சொன்ன பஸ்ஸில் ஏறினார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். பதினாறு வருடமாக நான் கேட்பதும் அதைத்தான். அந்த பஸ் எங்கே போனது?

இங்கே வந்த நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் 'மணமானவர்' என்ற பெட்டியில்தான் புள்ளடி போடுகிறேன். துணைவரின் முகவரி என்று கேட்டால் 'தெரியாது' என்று எழுதுவேன். கந்தோர்ப் பெண்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்கள். பிரிந்து வாழ்கிறீர்களா? இல்லை. விவாகரத்தா? இல்லை. அப்படியென்றால் விதவையா? "நோன், மதாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒருமுறை காவலாளி எட்டிப் பார்த்தான்.

சதுக்கத்தில் எங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, தன் ஆளின் படத்தைத் தான் பிடிப்பதில்லை. முதல் வருடம் அவரவர் படத்தை அவரவர் பிடித்து, அழுது விழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதனால் மாற்றிக்கொண்டோம். மற்றவளின் மகனைப் பிடித்துக்கொண்டு நின்றால் வாய் திறந்து கதைக்கலாம். இரண்டாவது சட்டம் நான் கொண்டுவந்தது. யாரும் மரணச் சான்றிதழ் வாங்கக் கூடாது, கிரியை செய்யக் கூடாது. நாங்களே ஆளை முடித்துவிட்டால், கொண்டுபோனவர்கள் எதற்குப் பதில் சொல்வார்கள்?

வழியால் போகிறவர்களுக்கு எங்களைப் பிடிபடாது. கியூபெக்கில் தேர்தல் என்றால் மின்கம்பமெல்லாம் முகங்கள் தொங்கும். ஒரு வயதான மனிதர் எங்கள் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, தேர்தல் எப்போது என்று கேட்டார். இவர்களை எடுத்தவர்கள் வாய் திறக்கிற அன்றைக்கு என்று சொல்ல நினைத்தேன். அந்தளவு பிரெஞ்சு அந்த நேரத்தில் வரவில்லை. "நோன், மெர்சி", வேண்டாம் நன்றி, என்றுதான் வந்தது. அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் ஒன்பது வருடம் பிடித்தது பத்மா அக்காவின் மகனுடைய படம். அவனுடைய இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். உண்மையைச் சொன்னால், என் மனுசனின் முகத்தைவிட அந்தப் பெடியனின் முகம்தான் எனக்கு மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்மா அக்கா யாருக்கும் சொல்லாமல் கோயிலில் மகனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார். பிள்ளை பசியோடு நிற்பதாகக் கனவு வருகிறதாம். கேள்விப்பட்ட கிழமையே நான் அவனுடைய படத்தை எங்கள் குழுவின் படக் கோப்பிலிருந்து கழற்றி எடுத்தேன். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், "முடிச்சவை முடிச்சதுதான்" என்றேன். பத்மா அக்கா எழும்பினார். மேலங்கியை மாட்டிக்கொண்டு போனவர், பிறகு வரவேயில்லை. இப்போது புவாண்ட்-கிளேரில் இளைய மகளோடு இருக்கிறார். இரண்டு வருடம் நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இப்போது என் வீட்டுப் பிரிட்ஜுக்குள் காத்தோட்டிக்காய்.

3

நிலானி ஆறரைக்கு வந்தாள். முகமெல்லாம் வெயில். சப்பாத்தைக் கழற்றமுதல் நான் தொடங்கிவிட்டேன்.

"உன்ர கொப்பர் செத்துப்போனார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பேந்து என்ன விசர் வேலை இது?"

"ஒருத்தரும் சொல்லமாட்டினம் அம்மா. அதுதான்."

அமைதியாகச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிறவர்களை அடக்க எனக்குத் தெரியும்.

கோயில் ஐயரோடு தானே கதைத்திருக்கிறாள். ஐயர் திதி கேட்டாராம். தெரியாது என்றாளாம். திதி தெரியாதவர்களுக்கும் அமாவாசை பொருந்தும், பெண்பிள்ளை தர்ப்பணம் செய்கிற வழக்கம் இல்லை, மோட்ச அருச்சனை செய்துவிட்டு வீட்டில் படைக்கலாம் என்று சொன்னாராம். எனக்கு ஒன்றும் தெரியாமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஒன்பது வயதில் கட்டிலுக்குக் கீழே ஒளித்தவள். என்னோடு பாதிப் பிரெஞ்சில் கதைக்கிறவள். பிள்ளை எங்களைவிட்டு விலகிப்போகிறது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் நான் காவல் வைக்காத பக்கத்தால் உள்ளே வந்துவிட்டாள்.

"என்னத்துக்கு இப்ப?" என்று கேட்டேன்.

சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்தாள். முகாமில் ஒரு சின்னப் பெட்டை கேட்டதாம், உன்னுடைய அப்பா எங்கே என்று. எப்போதும் சொல்வதுபோல் 'தெரியாது' என்றாளாம். அந்தப் பெட்டை விடவில்லை. வேலைக்குப் போய்விட்டாரா? வேறு வீட்டில் இருக்கிறாரா? செத்துவிட்டாரா?

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன் அம்மா. அதுக்கு அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. நான் ரொய்லெட்டுக்குப் போய் அழுதன். அண்டைக்குத்தான் முதல் தரம், எனக்கு ஒரு அப்பா இருந்தவர் மாதிரி இருந்தது."

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. என் வாய் அப்படிப்பட்டது.

"நீ சோறு படைச்சால் அவர் செத்ததுதான் எண்டு ஆகிடும். விளங்குதோ? இத்தினை வருஷம் நான் பனிக்குள்ள நிண்டது உனக்கு விளையாட்டோ? நாளைக்கு ஊரெல்லாம் என்ன கதைக்கும்? அவளின்ர வீட்டிலயே படைச்சிட்டினம், இனி என்ன தேடல் எண்டு கொண்டுபோனவங்கள் கேக்கமாட்டாங்களோ?"

"கேக்கட்டும். அவருக்கு என்ன நடந்தது எண்டு சொல்ல வேண்டியது அவங்கட வேலை. நீங்கள் விடாமல் கேளுங்கோ, நானும் வந்து நிக்கிறன். ஆனா அழுறதுக்கு நான் ஆரிட்டப் பெர்மிஷன் கேக்க வேணும்?"

 அவள் அதோடு விடவில்லை.

"படையலுக்கு அவருக்கு விருப்பமானதைச் சமைக்க வேணுமாம். அவருக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது. எத்தினை அடி உயரம், என்ன நிறச் சேட்டு, எத்தினை மணிக்கு பஸ்ஸில ஏறினவர், எல்லாம் தெரியும். நீங்கள் மைக்கில சொல்லிச் சொல்லிப் பாடம். அவர் என்ன சாப்பிடுறவர் எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். கதவை அடித்துச் சாத்தக்கூட இல்லை.

4

இரண்டு நாள் எங்கள் வீட்டில் கதை இல்லை. "சாப்பாடு இருக்கு." "ஓம்." அவ்வளவுதான். டோர்வலில் தட்டு அடுக்கினேன். கோழி, மரக்கறி, கோழி, மரக்கறி. இடையில் ஒரு வரிசை முழுக்கக் கரண்டி வைக்க மறந்து, திருப்பி அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாளும் அவளோடு கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்து, செம்மஞ்சள் கூம்புகள் வைத்துக் கிண்டிப்போட்ட தெருக்களைப் பார்த்துக்கொண்டு வரும்போது, அது கோபமில்லை, பயம் என்று விளங்கியது. அவர் இருக்கிறார் என்று நான் நினைக்கிற வரைக்கும்தான் அவர் இருப்பார். நான் விட்டால் போய்விடுவார். என் கையாலேயே நடக்கும். இதை யாரிடம் சொல்ல? எங்கள் குழுவில் சொல்ல முடியாது, சட்டம் போட்டவளே நான். ஊரில் அவரைப் பெற்ற மாமியிடம் சொன்னால் மனிசி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இத்தனை சனத்தை எனக்குத் தெரியும், மேடையில் ஏறினால் கை தட்டுகிறார்கள், இந்த ஒரு கதையைச் சொல்ல ஆளில்லை.

அத்தோடு இன்னொரு வெட்கக்கேடு. படையல் எப்படிப் போடுவது என்றே எனக்குத் தெரியாது. அப்பா இருக்கிற வீட்டில் அதை யார் காட்டித் தந்தார்கள்? விரதத்துக்கு முதல்நாள், வேலை முடிந்து டோர்வல் பஸ் தரிப்பில் நின்றுகொண்டு, பத்மா அக்காவின் இலக்கத்தை அழுத்தினேன். அவர் எடுத்தார்.

"ஆர்?"

"நான்தான் அக்கா."

"ம். சொல்லும்."

சொன்னேன். பிள்ளை விரதம் பிடிக்கப் போகிறது, எனக்கு முறை தெரியாது என்று. அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சமையற் குறிப்புச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் ஆகாது. தலைவாழை இலை, கடையில் உறைந்தது கிடைக்கும், வெந்நீரில் தோய்த்து எடும். சோறு, கறி, விருப்பமான பலகாரம். செம்பில் தண்ணீர் வையும். கற்பூரம் கொளுத்த முதல் புகை அலாரத்தை மூடும், இல்லாவிட்டால் கட்டடம் முழுக்க இறங்கி ஓடும்.

"படைச்சிட்டு அறைக் கதவைச் சாத்திப்போட்டு வெளியில நில்லுங்கோ. நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் வந்தவை சாப்பிடமாட்டினம். கொஞ்ச நேரம் போகக் கதவில தட்டிப்போட்டுத்தான் திறக்க வேணும். தட்டினால்தான் அவை எழும்பிப் போவினம், தட்டாமல் திறந்திடாதேங்கோ."

"சரி அக்கா."

"நான் படைச்ச அண்டைக்கு எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் நிக்கேல்லை. நீர் பிள்ளைக்குப் பக்கத்தில நில்லும்."

பஸ் வந்து, கதவைத் திறந்து, நான் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"அக்கா, தம்பியின்ர படத்தைக் கழட்டினது பிழை. பெரிய பிழை. நான் திருப்பி வைக்கிறன். சனிக்கிழமை வாங்கோ."

"பாப்பம்" என்றார். வைக்க முதல், "படம் பழுதாகேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. என்னட்டத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து நிலானியின் அறைக்கு முன்னால் நின்று சொன்னேன். "அவர் மச்சக்காரன். மரக்கறி எண்டால் முகத்தைச் சுழிக்கிறவர். உருளைக்கிழங்குப் பிரட்டல் மட்டும் சாப்பிடுவார், அதுவும் அடிச்சட்டியில கருகினது வேணும். மோர்மிளகாய் எண்டால் உயிர். பயத்தம் பணியாரத்தைக் கண்ணில காட்டக் கூடாது, முடிச்சிடுவார்."

கதவு திறந்தது. அவள் கையில் பேனை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

5

அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு வேலைக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. எங்கள் மேற்பார்வையாளன் அல்ஜீரியாக்காரன், நல்ல பெடியன், ஆனால் காரணம் கேட்காமல் லீவு தரமாட்டான்.

"குடும்ப விசயம்" என்றேன் என் பிரெஞ்சில்.

"யாராவது இறந்துவிட்டார்களா?"

படிவத்தில் அவனுக்கு ஒரு பெட்டி நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வாயில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "தெரியாது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய நாட்டிலும் காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மார் இருக்கிறார்கள். "நாளைக்கு வாங்கோ, மதாம்" என்று வைத்துவிட்டான்.

நிலானி சேலை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் போகவில்லை. போனால் சனம் பார்க்கும் என்பதற்காக இல்லை, ஐயர் அவருடைய பெயரைச் சொல்லி மோட்சம் என்று சொல்வதைக் கேட்க என்னால் ஏலாது. நெற்றிக் குங்குமத்தையும் அழிக்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. வீட்டில் நின்று சமைத்தேன். காத்தோட்டிக்காயை வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டேன். உருளைக்கிழங்கை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஊர்வலத்துக்கோ கூட்டத்துக்கோ இல்லாமல், அந்த மனுசனுக்கென்று ஒரு வேலை செய்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மனதுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. உடனே அந்தச் சந்தோசத்துக்காக அழுதேன்.

அவள் பன்னிரண்டரைக்கு விபூதிப் பூச்சோடு வந்தாள். புகை அலாரத்துக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினாள். அவளுடைய அறையில்தான் படைத்தோம். மேசையில் கணினியை அகற்றிவிட்டு அவருடைய படத்தை வைத்தோம். சதுக்கத்துக்குக் கொண்டுபோகிற படம் இல்லை. எங்கள் கலியாணத்துக்கு அடுத்த வருடம் எடுத்தது, பல் தெரியச் சிரித்தபடி. இலை போட்டு, சோறு வைத்து, கறி வைத்து, மோர்மிளகாய் வைத்து, செம்பில் தண்ணீர் வைத்தாள். கருகினதைத் தேடித் தேடிச் சுரண்டி ஓரத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டு விழுந்து கும்பிட்டாள். எழும்பும்போது "அப்பா" என்றாள். அந்தச் சொல் எங்கள் வீட்டில் அவ்வளவு பக்கத்தில் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

எங்கள் வீட்டு நடை ஒடுக்கம். இரண்டு பேர் நின்றால் தோள் முட்டும். கீழ் வீட்டில் யாரோ வானொலி போட்டிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் விடவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. பதினாறு வருடமாக, எந்த ஊரில் எந்த வீட்டில் இருந்தாலும், அவர் வந்து கதவைத் தட்டுவார் என்று காது கொடுத்துக்கொண்டு இருந்தவள் நான். தட்ட வேண்டியவர் அவர். இப்போது அவர் உள்ளே, நான் வெளியே.

"காணும் அம்மா" என்றாள் மெல்ல. "தட்டுங்கோ."

கையைத் தூக்கினேன். மரத்தில் விரல் முட்டுகிற தூரம்தான். தட்டினால் எழும்பிப் போய்விடுவார்.

"அம்மா, சோறு ஆறப்போகுது."

"பொறு பிள்ளை" என்றேன். "கொப்பர் ஆறுதலாத்தான் சாப்பிடுவார்."